மூன்றாவது பத்தி

ஜூன் 8, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. ஹட்டன் வகுப்புக்குப் பிந்தித்தான் போனேன், ஈரச் செருப்போடு. சேர் அதற்குள் பலகையை நிறைத்துவிட்டார். வெளிவாரிப் பட்டப்படிப்பு, இரண்டாம் வருடம், வாதக் கட்டுரை என்று ஒரு பாடம். பரீட்சை இந்த மாதம் 29. இன்றைக்கு 'முக்கிய கலைச்சொற்கள்'. அவர் சொல்வார், நாங்கள் எழுத வேண்டும். விளக்கம் கேட்டால் "நோட்ஸ்ல இருக்கும்மா". நோட்ஸில் இல்லை. பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

எனக்கு மனப்பாடம் வராது. வீட்டு உதாரணம் போட்டால்தான் மண்டையில் நிற்கும். ஆகவே:

கூற்று: சொல்ல வருவது என்ன என்பது. "இந்த வீட்டுக்கு ஒரு கேஸ் அடுப்பு வேணும்." (அண்ணி, போன வாரம், ஃபோனில்.)

சான்று: விறகுப் புகையில் குழந்தை இருமுகிறது.

நியாயத் தொடுப்பு: சான்றையும் கூற்றையும் கட்டுகிற கயிறு. இருமுகிற குழந்தை இருக்கும் வீட்டில் புகை கூடாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

உணர்ச்சி முறையீடு: அண்ணி அழுதது.

ஆளைத் தாக்கல்: அதற்கு அண்ணன், "ஒங்க அப்பா வீட்டுல கேஸ்லயா ஆக்குனீங்க?"

மறுப்பு: அண்ணி திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஒப்புக்கொள்ளல்: எதிர்த் தரப்பில் இருக்கும் உண்மையை நாமே முந்திக்கொண்டு ஏற்பது. அப்படிச் செய்தால் நம் பேச்சில் நம்பிக்கை கூடுமாம். எங்கள் வீட்டில் இதற்கு உதாரணம் கிடையாது.

கேட்போர்: பிறகு எழுத வேண்டும். தூக்கம் வருகிறது.

மற்றபடி: அண்ணன் கொழும்பு ஹோட்டலிலிருந்து பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. அவர்கள் குழந்தை தர்ஷிக்கு எட்டு மாதம் முடிந்தது, கீழே ஒரு பல். அண்ணிக்குக் கையெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை, அதோடே பல்லைத் தடவிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

மழை. தலவாக்கலை கொமினிகேஷனில் (நான் வேலை செய்யும் கடை, டைப் அடிப்பது, ஃபோட்டோ கொப்பி) மெஷின் பேப்பரைத் தின்றது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் தின்ற மாதிரி.

வீட்டுக்கு வந்தால் அண்ணி அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். காலைப் பெரட்டில், பேர் பதியும் நேரத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா நோட்டீஸ் வாசித்தாராம். மேல் டிவிசன் புள்ளக்காம்பராவை அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து மூடுகிறார்கள். பிள்ளைகளை எல்லாம் கீழ் டிவிசனுக்குக் கொண்டுபோக வேண்டும்.

புள்ளக்காம்பரா எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு அடுத்த கட்டடம். தாய்மார் மலையில் கொழுந்து எடுக்கும் நேரம் பிள்ளைகள் அங்கே ஆயாம்மாவிடம். பத்து மணித் தேத்தண்ணிக்கு அண்ணி ஓடிவந்து தர்ஷிக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். கீழ் டிவிசன் என்றால் ஆற்றுப் பாலம் தாண்டி, படி இறங்கி, போய் வரவே தேத்தண்ணி நேரம் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய கூத்து: அங்கே கதவு திறப்பது ஏழு மணிக்கு. பெரட்டும் ஏழு மணிக்கு. ஒரு தாய் எப்படி இரண்டு இடத்தில் நிற்பாள்? இதை யோசித்தவர் யாரென்று தெரிந்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

அண்ணி என் பாடக் கொப்பியைக் காட்டி, "நீதான் வாதாட்டம் படிக்கிறியே. எழுதிக் குடு. அந்தத் தலைவரு எழுதுனா வழக்கம்போல அழுவாச்சிதான் இருக்கும்" என்றாள்.

எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

ஜூன் 11, புதன்

நேற்றுப் போயா, பௌர்ணமி லீவு. நாள் முழுக்கத் தோட்டத்து மனேஜர் துரைக்குப் பெட்டிசம் எழுதினேன். (புள்ளக்காம்பரா இனி பு.கா. கை வலிக்கிறது.)

தலைவர் வந்து பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். தோட்டத்தில் சங்கத் தலைவர் அவர்தான். இதுவரை இங்கிருந்து போன பெட்டிசம் எல்லாம் அவர் வாயால் சொல்லி யாரோ எழுதியவை. எல்லாம் ஒரே அச்சு: மாட்சிமை தங்கிய துரை அவர்களின் பொற்பாதங்களில் விழுந்து ஏழைகள் நாங்கள் கண்ணீருடன்... பிறகு பயமுறுத்துகிற மாதிரி ஒன்று. பிறகு மறுபடி பாதம்.

"புலி நடமாட்டம்னு போடு" என்றார். பாலத்துப் பக்கம் யார் புலியைப் பார்த்தது என்று கேட்டேன். எவனாவது பார்த்திருப்பான் என்றார். சான்று இல்லாததை எழுத மாட்டேன் என்றேன்.

"சான்று கேட்டா புலிய ஆபீசுக்குக் கூட்டியாரச் சொல்லுவாரா தொர?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். புலியை வெட்டினேன். பொற்பாதத்தையும் வெட்டினேன். கோபித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

என் பெட்டிசம் இப்படி:

1ஆம் பத்தி: கூற்று. மேல் டிவிசன் பு.கா.வை மூட வேண்டாம்.

2ஆம் பத்தி: சான்று. ஏழு மணி விஷயம். பால் விஷயம். மழையில் வழுக்கும் படி.

3ஆம் பத்தி: ஒப்புக்கொள்ளல். இதை முழுதாகவே இங்கே எழுதி வைக்கிறேன், எனக்கே பிடித்திருக்கிறது: 'கீழ்ப் பிரிவுப் பிள்ளைக் காம்பரா புதிய கட்டடம் என்பதையும், அங்கே பயிற்சி பெற்ற பொறுப்பாளர் இருக்கிறார் என்பதையும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். எங்கள் கட்டடத்தின் கூரை மழைக்கு ஒழுகுகிறது, சுவர் ஈரமாக இருக்கிறது என்பதும் உண்மையே. ஆயினும்,'

4ஆம் பத்தி: மறுப்பு. எவ்வளவு நல்ல கட்டடமும் தாய் போய்ச் சேர முடியாத இடத்தில் இருந்தால் பிள்ளைக்கு என்ன பயன்? கூரையைத் திருத்தித் தாருங்கள். அதுவரை இருக்கிறபடி நடக்கட்டும்.

ஒரு சொல் கெஞ்சல் இல்லை. ஒரு சொல் பொய் இல்லை. இந்தத் தோட்டத்திலிருந்து இப்படி ஒரு கடிதம் போயிருக்காது.

ஜூன் 12, வியாழன்

சாயந்தரம் லயத்து வாசலில் வாசித்துக் காட்டினேன். தாய்மார் பதினொரு பேர். பீலியில் தண்ணீர் வரும் நேரம் வேறு, பாதிப் பேருக்குக் கண் குடத்தில். எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார்கள். எது நல்லா இருக்கு என்று யாரும் சொல்லவில்லை.

முதல் கையெழுத்துப் போட ஆள் இல்லை. வழக்கம்தான். முதல் பேரைத்தான் துரை கூப்பிட்டுக் கேட்பார். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அண்ணி, "எங்க வீட்டுப் புள்ள எழுதுனது, நான் போடுறேன்" என்று வாங்கி, தர்ஷியை இடுப்பில் வைத்துக்கொண்டே போட்டாள். பிறகு எல்லாரும் வரிசையாக. கமலாக்கா மட்டும் பெருவிரல்.

ஈர விறகு. இரவு வெறும் ரொட்டி, சம்பல்.

ஜூன் 16, திங்கள்

அரை நாள் லீவு கேட்டதற்கு முதலாளியிடம் ஒரு பிரசங்கம் கேட்டேன். அது கிடக்கட்டும்.

பெட்டிசம் விஷயமாகப் பத்தரைக்குத் தோட்டத்து ஆபீசில் கூப்பிட்டார்கள். அண்ணி, கமலாக்கா, தலைவர், நான். துரை சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். உட்காரச் சொன்னார். அதுவே அதிசயம். யார் எழுதியது என்று கேட்டார், நான் என்றேன். நல்ல கடிதம், பதினைந்து வருடத்தில் இப்படி ஒழுங்கான கடிதம் வாசித்ததில்லை என்றார். எனக்குக் காது சூடானது. தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

பிறகு மூன்றாவது பத்தியைச் சத்தமாக வாசித்தார். அண்ணியின் பேரையும் வாசித்தார். சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தது.

"கூர ஒழுகுது, செவரு ஈரம்னு நீங்களே எழுதித் தந்திருக்கீங்க. பதினோரு தாய்மாரு சைன் பண்ணியிருக்கீங்க. இத வாசிச்ச பொறகு ஒரு நாளாவது நான் புள்ளைங்கள அங்க வைக்கலாமா? ஒரு புள்ளைக்கு என்னமும் ஆச்சின்னா இந்தப் பேப்பரத்தானே என் முன்னுக்கு வைப்பாங்க?"

கீழே இன்னும் இருக்கிறது சேர், அடுத்த பத்தியையும் வாசியுங்கள் என்றேன். தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. அவருக்கு வேறு கூட்டம் இருந்தது. 'ஆயினும்' வரைக்கும் வாசித்தார், அதோடு மடித்துவிட்டார். கடிதத்தைக் கொப்பி எடுத்துத் தலைமை ஆபீசுக்கும் அனுப்பியாயிற்றாம்.

அடுத்த மாதம் முதலாம் திகதி மூடுவதாக இருந்தது. இப்போது வருகிற திங்களே. 23. நம்முடைய கடிதத்தால் ஒரு வாரம் முந்தி.

திரும்பி வரும்போது தலைவர் முன்னால் நடந்தார். பெட்டிக்கடைத் திருப்பத்தில் நின்று, "புலின்னு போட்டிருந்தா பாலத்துப் பக்கம் புள்ளைங்கள அனுப்ப அவருக்கே பயம் வந்திருக்கும்" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

ஆத்திரத்தில் தலைவலி. நான் என்ன பொய்யா எழுதினேன்? கூரை ஒழுகவில்லையா? ஆயாம்மா வாளி வைத்து எடுக்கிறாள், நோட்டீஸ் போடுவதற்கு முந்தியே துரைக்குத் தெரியும். இத்தனை வருடமாக ஒழுகிய கூரை, நான் எழுதியதும்தான் ஒழுகத் தொடங்கியதா?

புத்தகத்தில் இருப்பதைத்தான் செய்தேன். ஒவ்வொரு பத்தியும் அதனதன் இடத்தில். சேருக்குக் கொடுத்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டிருப்பார்.

அண்ணி பேசவில்லை.

ஜூன் 19, வியாழன்

மூட்டம். எதிர் லயம் தெரியவில்லை.

அண்ணி பேசவில்லை என்றால் சண்டை போட்டுப் பேசாமல் இல்லை. சோறு போடுகிறாள். தட்டை வைக்கும் சத்தத்தில் எல்லாம் இருக்கிறது. குழந்தையிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசுகிறாள். "தர்ஷிக்குட்டி, அத்தைக்குச் சோத்துக்கு ஆணம் வேணுமான்னு கேளு." அத்தைக்கு ஆணம் வேண்டாம்.

பீலியில் கேட்டது, நான் வருவது தெரியாமல்: "படிச்ச புள்ளைன்னு நம்புனோம்." இன்னொருத்தி: "நம்ம வாயாலயே நம்மள மாட்டி வுட்டுருச்சி." குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். பிறகு தண்ணீர் இல்லாமல் அண்ணியே போய் எடுத்து வந்தாள். அதற்கும் நான்தான்.

கடையில் டைப் அடித்தவை: ஒரு கல்யாணக் கார்டு, ஒரு மரண அறிவித்தல், யாரோ ஒருவரின் பெட்டிசம். பெட்டிசத்தில் பொற்பாதம் இரண்டு இடத்தில். பேசாமல் அடித்துக் கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஹட்டன். சேரிடம் கேட்டேவிட்டேன், வகுப்பு முடிந்து எல்லாரும் எழும்பும்போது. நாம் ஒப்புக்கொண்டதை மட்டும் எதிராளி எடுத்துக்கொண்டு மீதியைப் படிக்காமல் விட்டால் என்ன செய்வது சேர்?

அவர் பலகையை அழித்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார். "அது நடுவர் இருக்கிற இடத்துக்கும்மா. ரெண்டு பக்கத்தையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஒருத்தர் இருந்தா ஒப்புக்கொள்ளலாம். எதிர்க்கட்சிக்காரன்கிட்டயே போய் ஒப்புக்கொண்டா அது வாக்குமூலம். கேட்போர் யாருன்னு மொதல்ல பாக்கணும். அதான் லிஸ்ட்ல போட்டிருக்கேனே."

போட்டிருக்கிறார். எட்டாவது சொல். நான் 'பிறகு எழுத வேண்டும்' என்று விட்டது. சரி, நான் விட்டேன். அவர் சொல்லித்தந்தாரா? 'கேட்போர்: உரையை அல்லது கட்டுரையைப் பெறுவோர்.' இவ்வளவுதான் நோட்ஸ். இதை வைத்துக்கொண்டு துரை யாரென்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்? தேங்க் யூ சேர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கொட்டகலை வரை ஒரு கிழவரின் காய்கறி மூட்டை, எல்லாம் கோவா, என் காலில்.

ஜூன் 23, திங்கள்

பு.கா. கதவில் பூட்டு. வெளியே ஆயாம்மாவின் வாளி.

அண்ணி விடியும் முன்னே எழும்பி, தர்ஷியைத் துவாயில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் ரெட்டு போர்த்தி, இறங்கினாள். அங்கே கதவு திறந்து, பிள்ளையை இறக்கி, தர்ஷி அழுது, திரும்பி மலை ஏறிப் பெரட்டுக்கு வந்தபோது பேர் கூப்பிட்டு முடிந்துவிட்டதாம். அரைப் பேர்தான். முழு நாள் கொழுந்து எடுத்தாலும் அரை நாள் சம்பளம். கமலாக்காவுக்கும் அப்படியே. இன்னும் இரண்டு பேர் வேலைக்கே போகவில்லை, பிள்ளையோடு வீட்டில்.

பத்து மணிக்குப் பால் கொடுக்கப் போக முடியவில்லை. சாயந்தரம் அண்ணியின் சட்டை முன்பக்கம் நனைந்து காய்ந்திருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மாற்றினாள். நான் பாடக் கொப்பியை விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்தும் தெரியவில்லை.

நான் கொண்டுபோய் விடலாம்தான். என் பஸ் ஆறரைக்கு. அங்கே கதவு ஏழுக்கு. அடுத்த பஸ் எட்டு மணிக்கு, முதலாளி கடை திறப்பதும் எட்டுக்கு. எனக்கும் அதே கணக்குத்தான். எல்லாருக்கும் ஒரே கதவு.

ஜூன் 25, புதன்

தர்ஷிக்குச் சளி. படியில் போகும்போது நனைகிறாள்.

படிக்க முடியவில்லை. கலைச்சொற்கள் எல்லாம் வாய்க்குள் வருகின்றன, உதாரணம் எல்லாம் ஒரே உதாரணம்.

தலைவர் புதுப் பெட்டிசம் சொல்லிக்கொடுக்கிறாராம், கமலாக்காவின் மகள் எழுதுகிறாளாம். புலி இருக்கிறதாம். கரடியும் இருக்கலாம், எனக்கென்ன. கையெழுத்துக்கு என்னிடம் வரவில்லை. அண்ணி போட்டாள், நடுவில் எங்கோ, கூட்டத்தோடு.

ஜூன் 28, சனி

குடை திருத்தக் கொடுத்தேன், இன்னும் தரவில்லை. நாளைப் பரீட்சைக்குப் பேனா இரண்டு, அடையாள அட்டை, சுட்டெண் தாள், பிஸ்கட்.

அண்ணி என் சட்டையைச் சுருக்கம் இல்லாமல் பெட்டி போட்டு வைத்திருக்கிறாள். சொல்லவில்லை. கதிரையில் தொங்குகிறது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. திட்டிவிட்டுப் பெட்டி போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

மழை இல்லை. காற்று மட்டும்.

பரீட்சை மண்டபத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்து, தாள் பறந்துகொண்டே இருந்தது. அடையாள அட்டையை மேலே வைத்து எழுதினேன்.

முதல் பகுதி, சொற்களுக்கு விளக்கம். எல்லாம் எழுதினேன். கேட்போருக்கு மட்டும் ஒரு பக்கம்.

இரண்டாம் பகுதி, நான்காம் கேள்வி, கட்டாயம் எழுத வேண்டியது: 'எதிர்த் தரப்பின் நியாயத்தை ஒப்புக்கொள்வது ஒரு வாதத்தை வலுப்படுத்தும். உமது அனுபவத்திலிருந்து பொருத்தமான உதாரணம் ஒன்று தந்து நிறுவுக.'

நிறுவுக. மறுக்க இடம் தரவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வை மிஸ் வந்து சுகமில்லையா என்று கேட்டார்.

பிறகு எழுதினேன். மேல் டிவிசன் பு.கா.வை எழுதினேன். மூன்றாவது பத்தியை எழுதினேன், மனப்பாடமாக, முதன்முறையாக ஒன்று எனக்கு மனப்பாடமாக வந்தது. அந்த நேர்மையைக் கண்டு துரை அடுத்த பத்தியையும் வாசித்தார் என்று எழுதினேன். கூரைக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்தார். தாய்மார் பழையபடி பத்து மணிக்கு வந்து பால் கொடுக்கிறார்கள். இரண்டரைப் பக்கம். கை நிற்கவில்லை. நல்ல மார்க்ஸ் கிடைக்கும், அது எனக்குத் தெரியும். சான்று இல்லாததை எழுத மாட்டேன் என்று புலியை வெட்டியவள்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. தர்ஷி தூங்குகிறாள், மூக்கடைப்பில் கொர் கொர் என்று. அண்ணி தேத்தண்ணி ஊற்றி என் முன்னால் வைத்தாள். தர்ஷியிடம் சொல்லிக் கேட்க முடியாது, தூங்குகிறாளே.

"நல்லா எழுதுனியா?"

எழுதினேன் என்றேன். என்ன கேட்டிருந்தார்கள் என்று கேட்டாள். சும்மா, சொல்லுக்கு விளக்கம் என்றேன்.

பிறகு, நாளைக்குத் தர்ஷியை நான் கொண்டுபோய் விடுகிறேன் அண்ணி, நீங்கள் நேரே பெரட்டுக்குப் போங்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஒன் பஸ்ஸு?"

"எட்டு மணிக்கு ஒண்ணு இருக்கு."

"மொதலாளி ஏசுவாரே."

ஏசுவார்தான் என்றேன். துவாய் எங்கே இருக்கிறது, ரெட்டை எப்படிப் போர்த்துவது, பாலத்துக்கு அங்கிட்டு எந்தப் படியில் கால் வைக்கக் கூடாது என்று அண்ணி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.